போர்ட் வைத்தவருக்கு எந்த ஊசி?

"நரம்பே கிடைக்கலன்னு நாலு இடத்துல குத்துனாவ சார்."

செங்கோட்டைப் பக்கம் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள் கையை நீட்டியதும் சொல்வது இது. நரம்பு என்று அவர்கள் சொல்வது ரத்தக்குழாயை. பல சுற்றுக்குப் பிறகு அது கறுத்து, கயிறு மாதிரி விறைத்திருக்கும். டாக்சோரூபிசின் என்கிற சிவப்பு மருந்து குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையே அழுகிப் புண்ணாகிவிடும். இதற்கு மாற்றுதான் போர்ட்: மார்புத் தோலுக்கடியில் வைக்கும் சின்ன டப்பி, அதிலிருந்து ஒரு குழாய் பெரிய ரத்தக்குழாய்க்குள் போகும், மருந்தை அதில் ஏற்றலாம். கை பாழான பிறகு போர்ட்டுக்கு வருவதைவிட முதல் சுற்றுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

போர்ட் வைப்பது முக்கால் மணி நேர வேலைதான். பெரும்பாலும் மரத்துப்போகிற ஊசியே போதும். வலது கழுத்தின் ஜுகுலர் சிரையை அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே குத்துவேன். காறை எலும்புக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு குத்தும் பழைய வழி எனக்கு உவப்பில்லை. நுரையீரலில் ஊசி படலாம். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே நசுங்கி நசுங்கி, குழாய் பின்னாளில் அறுந்தும் போகலாம். குழாயின் நுனி, மேற்பெருஞ்சிரை இதயத்தின் வலது மேலறையைச் சேரும் இடத்தில் நிற்க வேண்டும். எக்ஸ்ரே திரையில் அதைப் பார்க்காமல் தையல் போடுவதில்லை. மார்புத் தோலுக்கடியில் பை மாதிரி இடம் பண்ணி போர்ட்டை உட்கார வைப்போம். மார்பகப் புற்றுநோய் என்றால் மறுபக்கம். தையல் போர்ட்டின் நேர் மேலே வரக்கூடாது, ஊசி இறங்குகிற இடம் அது.

சிக்கல் இதற்கப்புறம்தான். இங்கிருந்து திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்குப் போகிறவர்கள் நிறைய. சிகிச்சை மலைக்கு அந்தப் பக்கம். காய்ச்சலும் சோர்வும் வருவது புளியரை தாண்டி வீடு சேர்ந்த பிறகு. அப்படி வந்த ஒருவருக்குப் பக்கத்துக் கிளினிக்கில் சாதாரண ஊசியைப் போர்ட்டில் குத்தி குளுக்கோஸ் ஏற்றிவிட்டார்கள், ஒரு தடவை அல்ல, பல தடவை. போர்ட்டின் மூடி சிலிக்கோன் ரப்பர். சாதாரண ஊசி அதைத் துணுக்குத் துணுக்காகத் துருவி எடுத்துவிடும். போர்ட்டுக்கென்றே உள்ள ஹூபர் ஊசி ரப்பரை விலக்கிக்கொண்டு இறங்கும், எடுத்ததும் ரப்பர் மூடிக்கொள்ளும். அவருடைய போர்ட் கசிந்து, கழற்ற வேண்டியதாயிற்று.

10 மி.லி.க்குக் குறைந்த சிரிஞ்சும் ஆகாது. சின்ன சிரிஞ்சில் அழுத்தம் கூடும், குழாய் வெடிக்கலாம். பயன்படுத்தாத நாட்களிலும் உங்கள் மையம் சொன்ன இடைவெளியில் ஃப்ளஷ் செய்ய வேண்டும், அதாவது குழாய் அடைக்காமல் உப்பு நீர் செலுத்திக் கழுவ வேண்டும். வழக்கமாக 4 வாரம், சில இடங்களில் 3 மாதம். ஃப்ளஷ் முடிந்த கொஞ்ச நேரத்தில் குளிர்நடுக்கம் வந்தால் போர்ட்டில் கிருமி இருக்கலாம். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இப்போதெல்லாம் ஃபைலின் முதல் பக்கத்தில் 'ஹூபர் ஊசி மட்டும்' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, இரண்டு ஹூபர் ஊசியும் கொடுத்தனுப்புகிறேன். ஓர் ஆச்சி அதை ரேஷன் கார்டோடு ஒரே பையில் வைத்திருக்கிறார்.