காமாலை இறங்குவது கீழாநெல்லியாலா, கல்லீரலாலா?

ஐப்பசி, கார்த்திகை மழை கொஞ்சம் ஓய்ந்ததும் கடலூரில் கெடிலக் கரையிலும் வயல் வரப்புகளிலும் கீழாநெல்லி தழைத்துக் கிடக்கும். கிளையைப் புரட்டிப் பார்த்தால் இலைகளுக்கு அடியில் கடுகளவுப் பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்குவது தெரியும். குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்து மஞ்சள் காமாலை பரவுவதும் பெரும்பாலும் இந்த மழையை ஒட்டித்தான். செடியை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். பெரும்பாலோர் குணமாகியும் விடுகிறார்கள். அதில் செடியின் பங்கு எவ்வளவு, கல்லீரலின் பங்கு எவ்வளவு?

நம் சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். அவை சிதையும்போது ஹீமோகுளோபினிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. அது நீரில் கரையாது; ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு கல்லீரலுக்கு வந்து சேரும். கல்லீரல் செல்கள் அதோடு குளுகுரோனிக் அமிலத்தை இணைத்து, நீரில் கரையும்படி மாற்றி, பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகின்றன. மலத்தின் பழுப்பு நிறம் இதனால் வருவதுதான். கல்லீரலில் வைரஸ் தாக்கி அழற்சி வந்தால், மாற்றிய பிலிருபின் பித்தநீரில் இறங்க வழியில்லாமல் ரத்தத்துக்கே திரும்புகிறது. நீரில் கரைவதால் சிறுநீரிலும் இறங்கி, அதை டீ டிக்காஷன் நிறமாக்குகிறது; குடலுக்குப் போய்ச் சேராததால் மலம் வெளுக்கிறது. வழக்கமாக டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருக்கும் பிலிருபின் மூன்றை நெருங்கும்போது கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரியும்.

அழுக்குத் தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ வைரஸ்களை நம் எதிர்ப்பு சக்தியே சில வாரங்களில் துரத்திவிடுகிறது. அழிந்த செல்களுக்குப் பதிலாக மிச்சமுள்ளவை பிரிந்து பெருகும். எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் அது பழைய அளவுக்கு வளர்ந்துவிடும் என்று ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் 1931இலேயே காட்டினார்கள். ஆகவே, இந்த வகைக் காமாலை மோர் குடித்தவருக்கும் இறங்கும், குடிக்காதவருக்கும் இறங்கும். இதை வைத்து மட்டும் செடிக்கு மதிப்பெண் போட முடியாது.

செடியைச் சோதிக்க, தானாக எளிதில் போகாத நோய் வேண்டும். சிலருக்குப் பல ஆண்டுகள் உடலிலேயே தங்கிவிடும் ஹெபடைடிஸ் பி அப்படிப்பட்டது. சென்னையில் தியாகராஜன் குழுவினர், அந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்குடன் சேர்ந்து, 1988இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு. ஆனால் பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் விலங்குகளின் கல்லீரல் சேதத்தை இந்தச் செடி குறைப்பது பலமுறை தெரிந்திருக்கிறது; ஃபில்லாந்தின் போன்ற பொருள்கள் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. மனித நோயில் அதே அளவு உறுதி இன்னும் இல்லை. போதாக்குறைக்கு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பல இனங்கள் கீழாநெல்லி என்ற பெயரில் சந்தைக்கு வருகின்றன.

நான் மூலிகைக்கு எதிரி இல்லை. எனக்குப் பயம் தருவது, ரத்தப் பரிசோதனையே செய்யாமல் அரைத்துக் கொடுப்பதுதான். பித்தக்குழாயில் கல் அடைத்தாலும், புற்றுக்கட்டி அழுத்தினாலும், சாராயத்தால் கல்லீரல் கெட்டாலும் கண் மஞ்சளாகத்தான் இருக்கும். கல்லுக்கு ஒரு மாதம் மோர் குடித்தால் அந்த மாதம் வீண். கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் இ வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பத்தியமும் யோசிக்க வேண்டிய விஷயம். கல்லீரல் புதிய செல்களைக் கட்ட உணவு வேண்டும். உப்பில்லாமல், எண்ணெய் இல்லாமல், வெறும் கஞ்சியில் வாரக்கணக்கில் கிடந்தால் உடம்பு இளைக்குமே தவிரக் கல்லீரல் தேறாது. இட்லி, பருப்பு, முட்டை, பழம் என்று வாய் ஏற்பதைச் சாப்பிடலாம்.

இயற்கை என்றால் கெடுதலே செய்யாது என்பதும் இல்லை. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். நாம் விழுங்கும் பெரும்பாலான மருந்துகளையும் மூலிகைச் சத்துகளையும் உடைத்துப் பிரிப்பது இதே கல்லீரல்தான். அதனால் ஜிப்மரோ, கடலூர் அரசு மருத்துவமனையோ, எங்கே போனாலும் என்ன கஷாயம், எத்தனை நாளாக என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பரிசோதனைச் சீட்டில் பிலிருபினோடு ரத்தம் உறையும் நேரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். உறையச் செய்யும் புரதங்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரலே தயாரிப்பதால், அந்த நேரம் நீண்டுகொண்டே போவதும், நோயாளி குழப்பமாகப் பேசுவதும், பகலெல்லாம் தூங்கி வழிவதும் அன்றைக்கே வார்டில் சேர்க்க வேண்டிய அறிகுறிகள்.