கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில் எத்தனை பேர்?

விடிவதற்கு முன்பே கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும், கூடலூரிலிருந்து குமுளிக்கும், போடியிலிருந்து போடிமெட்டுக்கும் ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடும். நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகிறார்கள். சாயங்காலம் மலையிறங்கி வந்து வீட்டில் உலை வைப்பார்கள். தினமும் மாநிலம் தாண்டி உழைக்கும் இவர்கள் புலம்பெயர் தொழிலாளர்களா?

நம் கணக்கெடுப்புகளைப் பார்த்தால், இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 45 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இடம்பெயர்ந்தவர்கள் என்றது. அந்த எண் இரண்டு கேள்விகளிலிருந்து பிறக்கிறது: எங்கே பிறந்தீர்கள், இதற்கு முன் எந்த ஊரில் குடியிருந்தீர்கள்? உத்தமபாளையத்தில் பிறந்து கம்பத்தில் வாழ்க்கைப்பட்ட ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். கல்யாணத்தால் ஊர் மாறியதால் அவர் அந்த 45 கோடியில் இருக்கிறார். ஆனால் வருடக்கணக்காகக் கேரளத்துக்கு வேலைக்குப் போய்வருவது அதில் எங்கும் பதிவாகவில்லை. 2007–08 தேசிய மாதிரி ஆய்வு குறுகிய காலம் வெளியூர் போய் வேலை செய்பவர்களையும் தேடியது. அதற்கும் குறைந்தது ஒரு மாதமாவது வெளியே தங்கியிருக்க வேண்டும். ராத்திரி சொந்த வீட்டில் படுப்பவர் அந்தச் சல்லடையிலும் நிற்கமாட்டார்.

ரயிலை வைத்தும் எண்ணியிருக்கிறார்கள். மத்திய அரசின் 2016–17 பொருளாதார ஆய்வறிக்கை, முன்பதிவில்லாத ரயில் பயணங்களின் தரவிலிருந்து, ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் போவதாக மதிப்பிட்டது. திருவனந்தபுரத்தின் குலாட்டி நிதி, வரி ஆய்வு நிறுவனம் 2013இல், கேரளத்துக்கு வரும் தொலைதூர ரயில்களில் ஆய்வு நடத்தி, அங்கே சுமார் 25 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாகச் சொன்னது. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருபவர்களை எண்ண இது அருமையான வழி. கம்பம்மெட்டுக்கு ரயில் கிடையாதே!

ரேவன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் பிரிட்டன் கணக்கெடுப்புகளை அலசி 1885இலேயே ஒன்றைக் கண்டார்: இடம்பெயர்பவர்களில் பெரும்பாலானோர் கொஞ்ச தூரம்தான் போகிறார்கள். ஜீப்பில் ஏறுபவர்கள் அந்தக் கொஞ்ச தூரத்தையும் தினமும் திரும்பிக் கடக்கிறார்கள். காரணம் புரியாததல்ல. ரிசர்வ் வங்கித் தரவின்படி 2022–23இல் கிராமப்புற விவசாயக் கூலி, ஆண்களுக்கு, கேரளத்தில் நாளுக்கு 764 ரூபாய்; இந்திய சராசரி 346 ரூபாய். கூலி கேரளத்தில், வாடகையும் ரேஷனும் பிள்ளைகளின் பள்ளியும் தமிழ்நாட்டில் என்றால் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும். மேலே குடியேறினால் அந்த லாபம் கரைந்துவிடும். குடியேறாமல் இருப்பதும் யோசித்து எடுத்த முடிவுதான்.

சரி, இவர்களை எப்படித்தான் எண்ணுவது? வீடு வீடாகப் போகாமல், அவர்கள் கூடும் இடத்தையும் நேரத்தையும் மாதிரியாக எடுப்பது ஒரு வழி. சோதனைச் சாவடியில் வாரத்தின் ஆறு வேலை நாளும் நின்று, ஒவ்வொருவரிடமும் “வாரத்துக்கு எத்தனை நாள் வருவீங்க?” என்று கேட்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். தினமும் 100 பேர் கடக்கிறார்கள். அதில் 60 பேர் ஆறு நாளும் வருபவர்கள், 40 பேர் வாரத்தில் இரண்டே நாள் வருபவர்கள். முதல் வகையில் ஆட்கள் 60தான். அதே முகங்கள் தினமும் வரும். இரண்டாம் வகையில் வாரத்துக்கு 240 பயணங்கள். ஆளுக்கு இரண்டு என்று வகுத்தால் 120 பேர். ஆக, 100 பேர் போகும் பாதையை நம்பியிருப்பவர்கள் 180 பேர். ஜீப்பில் சிறுபான்மையாகத் தெரிந்தவர்கள் நிஜத்தில் பெரும்பான்மை! தினமும் வருபவர் கண்ணில் அடிக்கடி படுவார், எப்போதாவது வருபவர் நழுவிவிடுவார். அந்தக் கோணலை நிமிர்த்தத்தான் இந்த வகுத்தல்.

ஏலக்காட்டில் இது ரொம்பவே முக்கியம். ஏலக்காய் ஒரே மூச்சில் விளைவதில்லை. தூரடியில் தரையோடு ஓடும் சரங்களில் விளைந்த காயை மட்டும் கிள்ளி எடுத்து, சில வாரம் கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். ஒரு சுற்றுக்கு நிறைய ஆள், அடுத்த வாரம் குறைவு. அந்த இடைவெளியில் திராட்சைத் தோட்டத்துக்கோ நூறு நாள் வேலைக்கோ போய்விடுபவர்களை ஒருநாள் கணக்கு தவறவிட்டுவிடும்.

மூணாறில் கதை தலைகீழ். தேயிலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கேயே இருக்கின்றன. அங்கே பிறந்த பேரப்பிள்ளைகள் கணக்குப்படி வெளிமாநிலத்தார் அல்ல. ஆனால் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டை வேலையோடு சேர்த்துக் கட்டிவிட்டது; லயம் எனப்படும் வரிசை வீடுகள் கம்பெனியுடையவை. 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவு 70 உயிர்களைக் கொண்டுபோனது. அந்த லயங்களில் இருந்த பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். பிறந்த இடத்தை மட்டும் கேட்கும் ஆய்வுக்கு, இத்தனை காலம் வாழ்ந்தும் சொந்தமாக ஒரு சென்ட் மண் இல்லாதது தெரியவே தெரியாது.

எண்ணிக்கையில் இல்லாதவர் திட்டத்திலும் இல்லை. 1979ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையேயான தொழிலாளர் சட்டம் ஒப்பந்தக்காரர் திரட்டிக் கொண்டுபோகும் ஆட்களுக்காக எழுதப்பட்டது. தானாக ஜீப்பேறும் அக்காவை அது பார்க்கவில்லை. 2020இல் ஊரடங்கு வந்து எல்லை மூடியபோது அவர் வேலை இழந்தார். ஆனால் ஊர் திரும்ப முடியாமல் தவித்தவர்களின் பட்டியலில் அவர் எப்படி வருவார்? அவர் தன் வீட்டில்தானே இருந்தார். கணக்கெடுப்புத் தாளில் இரண்டு கேள்வியைக் கூட்டினால் போதும்: எந்த மாநிலத்தில் வேலை, வாரத்தில் எத்தனை நாள்? அப்புறம் லயத்து வீடுகளுக்கு இன்னொன்று: வேலை போனால் எங்கே குடியிருப்பீர்கள்?