எருக்கம் பாலும் சைக்கிள் டயரும்

எருக்கிலையைக் கிள்ளினால் பால் வழியும். கொஞ்ச நேரத்தில் அது பிசுபிசுத்துக் காய்ந்து, கிள்ளிய வாயை அடைத்துவிடும். ட்யூப் இல்லாத ரோடு சைக்கிள் டயருக்குள் ஊற்றும் சீலண்ட், அதாவது ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம், செய்வதும் இந்த வேலையைத்தான்.

பல சீலண்டுகளுக்கு அடிப்படை ரப்பர் பால். அதில் நுண்ணிய ரப்பர் உருண்டைகள் நீரில் மிதக்கின்றன. எல்லா உருண்டைகளுக்கும் ஒரே வகை மின்னூட்டம் (நெகட்டிவ்) இருப்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே நிற்கும். இந்த விலகல் கெடாமலிருக்கத்தான் அம்மோனியா கலக்கிறார்கள். புட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி அதுதான். கூடவே பொடித் துகள்களும் இழைகளும் இருக்கும். டயரில் முள் ஏறினால், உள்ளேயிருக்கும் காற்று பாலை ஓட்டைக்குத் தள்ளும். துகள்கள் முதலில் போய்ச் சிக்கும். வாய் குறுகியதும் அந்த இடுக்கில் உருண்டைகள் நெரிபட்டு ஒட்டிக்கொள்ளும், நீர் காயும், ரப்பர் அடைப்பு உருவாகும்.

மலைப்பாதை சைக்கிளில் 25, 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்றுதான். அங்கே இது அருமையாக வேலை செய்கிறது. ஒல்லியான ரோடு டயரிலோ 90, 100 வரை அடிக்கிறோம். அடைப்பு இறுகும் முன்பே பல நேரம் காற்று அதைப் பிய்த்து எறிந்துவிடும்.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவதைத் தாண்டியபோது இதைக் கண்ணால் பார்த்தேன். பின் டயர் சீறியது. கெண்டைக்காலெல்லாம் வெள்ளைத் துளிகள். நெருஞ்சி முள். அடிவாரத்தில் மண்ணோரமாக நிறுத்தி டீ குடித்தபோது ஏறியிருக்க வேண்டும். 25 மி.மீ. டயர், 100 பி.எஸ்.ஐ. ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்தேன், பால் அங்கே தேங்கட்டும் என்று. காற்று பாதியாகக் குறைந்த பிறகுதான் சீறல் சன்னமாகி, ஒரு குமிழி ஊதி, நின்றது. அந்தப் பாதிக் காற்றோடு ஏரி வரை போய்ச் சேர்ந்தேன்.

அதனால் என் யோசனை இதுதான்: சீலண்ட் ஊற்றுவதென்றால் 28 அல்லது 32 மி.மீ. டயருக்கு மாறுங்கள். அகலம் கூடினால் குறைந்த காற்றே உங்கள் எடையைத் தாங்கும்; 60, 70 போதும். டயருக்கு 30 முதல் 45 மி.லி. ஊற்றலாம். கண்ணாடி கிழித்த நீளமான வெட்டை இது அடைக்காது, அதற்கு ஒரு ட்யூப் கையில் இருக்கட்டும்.

அப்புறம், சேலத்து வெயில். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே பார்த்துவிடுங்கள். சித்திரையில் என் டயரைக் கழற்றினால் ஒரு சொட்டுப் பால் இல்லை. உட்புறம் முழுக்கப் பாலாடை போல ரப்பர் படிந்திருந்தது, இழுத்தால் ஒரே தோலாக உரிந்து வந்தது.