பேட்டரி: அடியிலிருந்து அடுக்கு வரை

பேட்டரி என்ற சொல்லின் வேரைத் தோண்டிப் பார்த்தால் அங்கே மின்சாரம் இல்லை, அடிதடிதான் இருக்கிறது. லத்தீனில் 'பட்டுவெரே' என்றால் அடித்தல், மொத்துதல். அது பிரெஞ்சுக்குப் போய் 'பாத்ரி' ஆனது. அங்கிருந்து கடலைத் தாண்டி ஆங்கிலத்துக்கு வந்தது. ஒருவன் இன்னொருவனைக் கைநீட்டி அடித்த குற்றத்துக்கு ஆங்கிலச் சட்டத்தில் இன்றும் பேட்டரி என்றுதான் பெயர். கோட்டைச் சுவரை மொத்தி இடிப்பதற்காக வரிசையாக நிறுத்திய பீரங்கிகளையும் பேட்டரி என்றார்கள். அடிக்கிற செயலைக் குறித்த பெயர், அடிக்கிற கருவிகளின் வரிசையைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.

இதை மின்சாரத்தின் பக்கம் இழுத்து வந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1749இல் லண்டனில் இருந்த நண்பர் பீட்டர் காலின்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பதினொரு சன்னல் கண்ணாடிகளை எடுத்து, ஒவ்வொன்றின் இரு பக்கமும் ஈயத் தகடு பொருத்தி, எல்லாவற்றையும் இணைத்து மின்னூட்டத்தைத் தேக்கியதாகவும், அதற்கு 'மின் பேட்டரி' என்று பெயர் வைத்ததாகவும் அதில் சொன்னார். பீரங்கி வரிசை ஒரே நேரத்தில் வெடிப்பதுபோல இந்தக் கண்ணாடி வரிசை ஒரே நேரத்தில் அதிர்ச்சி கொடுக்கும், அவ்வளவுதான் ஒப்புமை. இன்றைய இயற்பியல் கணக்கில் அது பேட்டரியே இல்லை, மின்தேக்கி. ஆக, மின்சாரத்தில் பேட்டரி என்று முதலில் பெயர் பெற்ற பொருள் பேட்டரி அல்ல! ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்சாரத்தின் பக்கம் வந்த நாளிலேயே இந்தச் சொல் ஒற்றைப் பொருளைக் குறிக்கவில்லை. பல பொருள்கள் சேர்ந்த வரிசையைத்தான் குறித்தது. பின்னால் வரும் குழப்பம் முழுக்க இதை மறந்ததால் வந்தது.

உண்மையான பேட்டரி 1800இல் வந்தது. இத்தாலியின் அலெசாண்ட்ரோ வோல்டா துத்தநாக வில்லை, வெள்ளி அல்லது செம்பு வில்லை, இடையில் உப்புநீரில் நனைத்த துணி என்று மாற்றி மாற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்கியதால் அதன் பெயர் 'பிலா', அதாவது குவியல், அடுக்கு. இத்தாலியர் இன்றும் டார்ச்சுக்குப் போடும் கட்டையைப் பிலா என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் 'பீல்' என்கிறார்கள். திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய ஈய அமில வகையை 1859இல் பிரான்சின் கஸ்தோன் பிளான்டே செய்தபோது அதற்கு இன்னொரு பெயர் தேவைப்பட்டது. சேர்த்து வைப்பது என்ற பொருளில் 'அக்குமுலேட்டர்' வந்தது. ஜெர்மானியர்கள் அதைச் சுருக்கி 'அக்கு' என்பார்கள். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தால் பெர்லினில் 'என் அக்கு காலி' என்று சொல்லக் கேட்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத் தலைப்புகளிலேயே இந்தச் சொல் பயணம் பதிவாகியிருக்கிறது. 2006இல் வந்த பேட்டரி நெறிமுறையின் பிரெஞ்சுத் தலைப்பில் 'பீல், அக்குமுலேட்டர்' என்று இரண்டு சொற்கள் இருந்தன. அதற்குப் பதிலாக 2023இல் வந்த புதிய ஒழுங்குமுறையின் பிரெஞ்சுத் தலைப்பில் 'பாத்ரி' மட்டும்தான். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் என்ன நடந்தது? மின்கார் வந்தது. குறிப்பாக, சீனாவிலிருந்து மின்கார் வந்தது.

சீனர்கள் பேட்டரியை எப்படிச் சொல்கிறார்கள்? 'தியென்ச்சி'. தியென் என்றால் மின்சாரம், ச்சி என்றால் குளம். மின்குளம்! அடியும் இல்லை, பீரங்கியும் இல்லை, தேங்கி நிற்கிற ஒரு நீர்நிலை. எனக்கு இந்த உலகப் பெயர்களிலேயே மிகவும் பிடித்தது இதுதான். இன்றைக்கு உலகத்தின் மின்கார்களுக்கு மிக அதிகமாக மின்குளம் வெட்டிக் கொடுப்பவர்கள் இருவர். ஒன்று, ஃபூஜியன் மாகாணத்து நிங்டே நகரில் 2011இல் தொடங்கிய சிஏடிஎல். மற்றொன்று பிஒய்டி. 1995இல் ஷென்சனில் வாங் சுவான்ஃபு தொடங்கியபோது பிஒய்டி கார் நிறுவனமே அல்ல, கைப்பேசிகளுக்குப் பேட்டரி செய்து கொடுத்த நிறுவனம். கார் 2003இல்தான் வந்தது. கார் செய்பவர்கள் பேட்டரி தேடி அலைவதுதான் ஐரோப்பாவின் கதை. பேட்டரி செய்தவர் கார் செய்யப் போனது பிஒய்டியின் கதை.

சரி, தமிழுக்கு வருவோம்.

நம் பேச்சில் பேட்டரி பலவிதமாகப் புழங்குகிறது. கிராமத்தில் 'அந்தப் பேட்டரிய அடி' என்றால் டார்ச் விளக்கைப் போடு என்று பொருள். (அங்கேயும் 'அடி' வந்து நிற்பதைப் பாருங்கள்.) உள்ளே போடும் உருளை 'பேட்டரிக் கட்டை'. கடையில் கேட்கும்போது அதே உருளை 'ரெண்டு செல்லு' ஆகிவிடும். இலங்கையில் எழுத்தில் 'பற்றரி'. பாடநூல்கள் தெளிவாக இரண்டு சொற்களைக் கொடுத்தன: செல்லுக்கு மின்கலம், பேட்டரிக்கு மின்கல அடுக்கு. இந்த 'அடுக்கு' வோல்டாவின் பிலாவோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. பேட்டரி என்ற சொல்லை மொழிபெயர்த்திருந்தால் 'அடிப்பான்' என்று ஏதாவது வந்திருக்கும். நம்மவர்கள் சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்.

கலம் என்ற சொல்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. மட்கலம், உண்கலம், அணிகலம் என்று வீட்டுக்குள் இருக்கும் கலமே கடலில் போனால் கப்பல். களத்துமேட்டில் அது அளவு: பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இலங்கைப் பாடநூல்களில் உயிரியலின் 'செல்'லும் கலம்தான். ஏந்துவது, கொள்வது, அளப்பது எல்லாம் ஒரே சொல்லுக்குள். ஆங்கிலச் 'செல்'லின் மூலம் லத்தீன் 'செல்லா', சிறிய அறை, சரக்கறை. அதைவிடக் கலம் இந்த வேலைக்குப் பொருத்தம் என்பது என் கட்சி. தவிர, தமிழில் செல் என்றால் ஏட்டை அரிக்கும் பூச்சியும்கூட.

சிக்கல் எங்கே என்றால், செய்தித்தாள்களும் மொழிபெயர்ப்பாளர்களும் 'அடுக்கு' நீளமாக இருக்கிறது என்று வெட்டிவிட்டு எல்லாவற்றையும் மின்கலம் என்றே எழுதுகிறார்கள். சுவர்க் கடிகாரத்துக்கு அது போதும், அதற்குள் இருப்பது ஒரே கலம்தான். காருக்குப் போதாது. ஐரோப்பாவில் விற்ற பிஒய்டி ஆட்டோ 3 காரை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு கலமும் சுமார் 3.2 வோல்ட் தரும். 126 கலங்களைத் தொடராக இணைத்தால் 403.2 வோல்ட். கலத்தின் கொள்ளளவு 150 ஆம்பியர் மணி; இரண்டையும் பெருக்கினால் 60.48 கிலோவாட் மணி. நம் வீட்டு மின்கட்டண அட்டையின் மொழியில் சொன்னால் அறுபது யூனிட். இந்தக் காரில் 'மின்கலம் பழுது' என்று எழுதினால் 126இல் ஒன்று பழுதா, மொத்தமும் போனதா? செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தொழிலில் வழக்கமாக மூன்று படிகள் உண்டு. கலம் முதல் படி. சில கலங்களைச் சேர்த்து ஒரு பெட்டிக்குள் கட்டியது இரண்டாவது, ஆங்கிலத்தில் மாட்யூல். அத்தகைய பல கட்டுகளைக் காரின் தரைக்கடியில் ஒரே பேழையில் வைத்தது மூன்றாவது, பேக். ஐரோப்பிய ஒழுங்குமுறை இம்மூன்றுக்கும் தனித்தனியாக வரையறை தருகிறது. தமிழில் கலம், கட்டு, அடுக்கு என்று சொல்லலாம். புல்லுக்கட்டு, விறகுக்கட்டு தெரிந்த யாருக்கும் மாட்யூல் புரிந்துவிடும்.

இன்னொரு குழப்பம் இதைவிடப் பெரியது. பேட்டரி என்பது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத சொல். பழைய பிரிட்டிஷ் பெயரைத் தாங்கி, இன்று ஷாங்காயின் எஸ்ஏஐசி செய்யும் எம்ஜி4 கார் ஐரோப்பாவில் 51 யூனிட், 64 யூனிட் என்று இரு அளவுகளில் விற்பனைக்கு வந்தது. பார்த்தால் அளவில் மட்டும்தான் வேறுபாடு என்று தோன்றும். இல்லை. 51இல் இருப்பது இலித்தியம் இரும்பு பாஸ்பேட், சுருக்கமாக எல்எஃப்பி. 64இல் இருப்பது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்எம்சி. இரண்டும் வேறு வேறு சாதி விதைநெல். ஒரே மாதிரி நீர் பாய்ச்ச முடியாது.

எல்எஃப்பியில் ஒரு கிலோ எடைக்குள் அடங்கும் ஆற்றல் குறைவு. என்எம்சி கலம் கிலோவுக்கு 250 வாட் மணியை ஒட்டி நிற்கும்போது இது 160, 180 என்ற அளவில் நிற்கும். கடுங்குளிரில் மின்னேற்றம் மந்தமாகும் குணமும் இதற்குக் கொஞ்சம் அதிகம், நார்வேயிலும் பின்லாந்திலும் வாங்குபவர் யோசிக்க வேண்டிய விஷயம். ஆனால் கோபால்ட் வேண்டாம், நிக்கல் வேண்டாம், இரும்பு போதும். அதனால் விலை மலிவு. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் எளிதில் பிரிந்து வந்து தீயை வளர்க்காது. ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கினாலும் தாக்குப்பிடிக்கும். என்எம்சி காரை அன்றாடம் 80 விழுக்காட்டோடு நிறுத்தச் சொல்வார்கள். எல்எஃப்பி காரையோ அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வார்கள். காரணம் வேடிக்கையானது: இதன் வோல்ட் அளவு வெகுநேரம் ஏறாமல் இறங்காமல் சமமாகவே இருக்கும். எவ்வளவு மிச்சம் என்று காரின் கணினியால் சரியாக ஊகிக்க முடியாது. கலம் தளும்பும்போதுதான் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

இந்தச் சேர்மத்தை ஏதோ சீனக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவில் பிறந்தது. 1997இல் வந்த அந்தக் கட்டுரையில் அவரோடு இருக்கும் மற்ற இரு பெயர்கள் ஏ.கே. பாதி, கே.எஸ். நஞ்சுண்டசுவாமி. குட்இனஃப் 2019இல் வேதியியல் நோபல் பெற்றார். அமெரிக்கா கண்டுபிடித்ததை ஆண்டுக்கணக்கில் உழைத்து மலிவாகச் செய்யக் கற்றது சீனா. ஐரோப்பாவுக்கு அது மறைமுகமாகவும் வந்தது: 2020 இறுதியில் ஷாங்காய் ஆலையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய டெஸ்லா மாடல் 3 கார்களில் இருந்தது சிஏடிஎல்லின் எல்எஃப்பி கலம்.

அதனால் 'சீன பேட்டரி' என்ற சொற்றொடரையும் கொஞ்சம் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 2024 அக்டோபர் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் சீனாவில் செய்த மின்கார்களுக்கு வழக்கமான 10 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் வரி போட்டது. பிஒய்டிக்கு 17, எஸ்ஏஐசிக்கு 35.3. வரி காருக்குத்தான், கலத்துக்கு அல்ல. சிஏடிஎல்லோ 2022 இறுதியிலிருந்தே ஜெர்மனியின் ஆர்ன்ஸ்டாட்டில் கலம் செய்கிறது. ஜெர்மன் காருக்குள் சீனக் கலம், சீன நிறுவனத்தின் கலம் ஜெர்மன் மண்ணில். 2027 பிப்ரவரி 18 முதல் ஒன்றியத்தில் சந்தைக்கு வரும் ஒவ்வொரு மின்கார் பேட்டரிக்கும் எண்ம (டிஜிட்டல்) கடவுச்சீட்டு வேண்டும் என்று அந்த 2023 ஒழுங்குமுறை சொல்கிறது. எங்கே செய்தது, உள்ளே என்ன என்ற விவரங்கள் அதில் இருக்கும்.

அப்புறம், பிளேடு. பிஒய்டி 2020 மார்ச்சில் அறிமுகப்படுத்திய எல்எஃப்பி வகைக்குச் சீனத்தில் 'தாவ்பியென் தியென்ச்சி' என்று பெயர், கத்தித் தகடு மின்குளம். ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 96 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரம், ஒன்றரை செ.மீ.க்கும் குறைந்த தடிமன். இவற்றைக் கட்டு எதுவும் இல்லாமல் நேராகப் பேழையில் நெருக்கமாகச் சொருகிவிடுகிறார்கள். நடுப்படி காணாமல் போய், கலமும் அடுக்கும் மட்டும் மிஞ்சுகின்றன. கலங்களே தாங்கு சட்டமாகவும் வேலை செய்கின்றன. மிச்சமான இடத்தில் கூடுதல் கலம் வைக்கலாம், எல்எஃப்பியின் ஆற்றல் குறை ஓரளவு ஈடாகும். அதற்கு ஒரு விலையும் உண்டு: கட்டு இல்லை என்றால் பழுதான கட்டை மட்டும் கழற்றி மாற்றும் வழியும் இல்லை. பயன்படுத்திய காரை வாங்கும் ஐரோப்பியர் கேட்க வேண்டிய கேள்விகளில் இது முதல் வரிசை. எட்டு ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர், 70 விழுக்காடு என்பது பரவலாகத் தரப்படும் உத்தரவாதம். அது எந்தப் படிக்கு என்று ஒப்பந்தத்தைப் படித்தால்தான் தெரியும்.

பிளேடுக்குத் தமிழ் என்ன? 'அலகு' நல்ல சொல், கத்தியின் வெட்டும் பகுதி அலகுதான். அறிமுக நிகழ்ச்சியில் ஆணியைக் குத்தியும் தீப்பற்றவில்லை என்று காட்டினார்கள். அலகு குத்துவதைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அது பொருத்தமாகவே படும். ஆனால் அலகு இன்று அளவையின் பெயராகிவிட்டது. 'அலகு மின்கலம்' என்றால் ஒற்றைக் கலம் என்று படிப்பார்கள். 'தகட்டுக் கலம்' என்றால் ஈய அமில பேட்டரியின் தகடு நினைவுக்கு வரும். இது வணிகப் பெயர், 'பிளேடு பேட்டரி' என்றே விட்டுவிடுவது மேல். நம் ஊரில் பிளேடு போடுவது வேறு கலை என்றாலும்.

மற்றபடி என் எழுத்தில் நான் கடைப்பிடிப்பது இது: ஒற்றைக்கு மின்கலம், மொத்தத்துக்கு மின்கல அடுக்கு, பேச்சு நடையில் பேட்டரி. பேட்டரியை மின்கலம் என்று மட்டும் எழுதுவதில்லை. மின்னேற்றக்கூடிய வகை என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'சேமக்கலம்' என்ற சொல் இருக்கிறது. ஜெர்மானியரின் அக்குவுக்கு நேர். சேமம் என்றால் பாதுகாத்து வைத்தல். அகராதியைப் புரட்டினால் சேமக்கலத்துக்கு இன்னொரு பொருளும் இருக்கும்: வைணவ அடியார்களான தாதர்கள் சங்கோடு சேர்த்துத் தட்டிக்கொண்டு வரும் வட்டமான வெண்கலச் சேகண்டி. அடித்தால் ஒலிப்பது.