ஒன்றரை மாத ஊசியைத் தள்ளிப்போடலாமா?

சளி பிடித்திருக்கிறது, ஊருக்குப் போகிறோம், பிள்ளை இன்னும் கொஞ்சம் எடை போடட்டும்... கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஊசி தள்ளிப்போவதற்குக் காரணம் இப்படி ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். அரசு அட்டவணையில் எந்த நாளை நகர்த்தலாம், எதை நகர்த்தவே கூடாது என்று தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் பிறந்த உடனே போடுவது. கல்லீரலைத் தாக்கும் கிருமிக்கான ஹெபடைட்டிஸ் பி ஊசியை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும், இதில் பேச்சே இல்லை. தாயிடம் அந்தக் கிருமி இருந்தால் பிரசவத்தின்போதே பிள்ளைக்குத் தொற்றும், அதைத் தடுக்கத்தான் இவ்வளவு அவசரம். பிறந்ததும் கொடுக்கும் போலியோ சொட்டு மருந்துக்கு 15 நாள் வரை அவகாசம் உண்டு, காசநோய்க்கான பி.சி.ஜி.க்கு ஒரு வயது வரை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் மூன்றும் தடுப்பூசி அட்டையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம் 6, 10, 14 வாரங்கள். நாம் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசி என்று சொல்வது இவற்றைத்தான். ஒன்றரை மாதத்தில் கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட், நிமோனியாவுக்கான பி.சி.வி., போலியோவுக்கான ஐ.பி.வி. என்று மூன்று ஊசிகள், கூடவே போலியோ, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா இரண்டும் வாய்வழியாக. இரண்டரை மாதத்தில் ஒரே ஒரு ஊசிதான், வாய்வழி மருந்துகள் உண்டு. மூன்றரை மாதத்தில் மறுபடியும் மூன்று ஊசிகள். பச்சைப் பிள்ளைக்கு ஒரே நாளில் மூன்றா என்று கேட்டு, வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்துப் போடச் சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது, ஆனால் அப்படிப் பிரிப்பதால் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை. ஒன்றாகப் போடுவது பாதுகாப்பானது என்று பார்த்துத்தான் அட்டவணையே அமைத்திருக்கிறார்கள். பிரித்தால் பிள்ளை பலமுறை அழும், பாதுகாப்பில்லாத வாரங்களும் கூடும். கக்குவான் இருமல் உயிருக்கே ஆபத்தாவது பெரும்பாலும் இந்த முதல் சில மாதங்களில்தான்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதான் ஊசி நாள். குழந்தைக்கு 40 நாள் ஆகும்போது ஒரு புதன் வருகிறது, அன்றே போட்டுவிடலாமா என்றால் வேண்டாம். 42 நாள் முடிந்திருக்க வேண்டும், அதனால் அடுத்த புதன் போங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் கணக்கு பிறந்த தேதியிலிருந்துதான், எடை மிகவும் குறைவு என்றால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, தள்ளிப்போய்விட்டது, என்ன செய்வது? முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம், ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது நான்கு வாரம் இருந்தால் போதும். எட்டாவது வாரத்தில் முதல் ஊசி போட்டால் அடுத்தது பன்னிரண்டு, அதற்கடுத்தது பதினாறு. ஆனால் கதவு எல்லாவற்றுக்கும் கடைசிவரை திறந்திருக்காது. ரோட்டா, பென்டாவேலன்ட் இரண்டின் முதல் தவணையும் ஒரு வயதுக்குள் போட்டிருக்க வேண்டும். அதற்குள் பென்டாவே தொடங்காத பிள்ளைக்குப் பிறகு தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்குமான டி.பி.டி. ஊசிதான் கிடைக்கும், அதுவும் ஏழு வயது வரைதான்.

நம் பக்கம் இந்த ஊசிகள் தவறுவதற்கு இன்னொரு காரணம், தாய்வீட்டில் பிரசவம் பார்த்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்து புகுந்த வீட்டுக்குத் திரும்புவது. மூன்றரை மாத ஊசி சரியாக அந்த இடைவெளியில் விழுந்து காணாமல் போகும். ஊர் மாறினாலும் எந்த அரசு மையத்திலும் இலவசமாகப் போடலாம், அட்டையை மட்டும் மறக்காமல் கொண்டுபோங்கள், போன ஊரில் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியில் பிரசவத்துக்குப் பின் வரும் தவணைக்கும் இந்தப் பதிவு தேவைப்படும்.

சளி, லேசான காய்ச்சல், ஓரிரு முறை வயிற்றுப்போக்கு, இதெல்லாம் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமே அல்ல. கடும் காய்ச்சல் என்றாலோ, பிள்ளை ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு நோயுற்றிருந்தாலோ குணமாகட்டும். முந்தைய ஊசிக்குப் பின் வலிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், டாக்டர் பார்த்து முடிவெடுப்பார். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம், எடைக்கேற்ற பாரசிட்டமால் அளவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், போட்ட இடத்தில் சூடான ஒத்தடமோ தைலமோ வேண்டாம்.

ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்.ஆர்., அதோடு பி.சி.வி. மூன்றாம் தவணை, ஐ.பி.வி. மூன்றாம் தவணை. இந்த ஐ.பி.வி. 2023இல் சேர்க்கப்பட்டது, பழைய அட்டை வைத்து ஒப்பிடுபவர்கள் கவனிக்கவும். எம்.ஆரை ஏன் முன்பே போடுவதில்லை என்றால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி பிள்ளையின் உடம்பில் இருக்கும்வரை அது ஊசியையே வேலை செய்ய விடாது. முதல் தவணை எல்லாப் பிள்ளைக்கும் பிடிப்பதில்லை, அதனால்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. இரண்டையும் தவறவிட்டிருந்தாலும் ஐந்து வயது வரை போடலாம், ஒரு மாத இடைவெளியில்.

தனியார் டாக்டரிடம் போடுபவர்களுக்கு அட்டவணை கொஞ்சம் வேறு, டைபாய்டு, சின்னம்மை போன்றவையும் அதில் வரும், செலவும் ஆகும். பாதியில் அங்கிருந்து அரசு மையத்துக்கு மாறலாம், போட்டதற்கான பதிவைக் காட்டினால் போதும்.

பெரும்பாலும் மறந்துபோவது பெரிய பிள்ளைகளுக்கான ஊசிகள்தான். 16 முதல் 24 மாதத்தில் எம்.ஆரோடு டி.பி.டி. பூஸ்டரும் போலியோ சொட்டும், 5 வயதில் இன்னொரு டி.பி.டி., 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. என்கிற ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசி. பள்ளியில் போடும் நாளில் பிள்ளை லீவு போட்டிருந்தால் அடுத்த புதன் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.