வைரஸுக்கு வழிகாட்டும் ரத்தப் புரதம்

வட ஆற்காடு பக்கம் மழைக்காலத்தில் யாராவது காய்ச்சலில் படுத்தால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?" என்பதுதான். வேலூரானாலும் குடியாத்தமானாலும் இதே கேள்வி. ரத்தம் உறைய உதவும் அணு என்று பள்ளியில் படித்ததற்கும் வைரஸுக்கும் ஏதோ சம்பந்தம் உண்டு என்பதை டெங்கு எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டது. (பப்பாளி இலைச் சாறு பற்றி இங்கே வாயைத் திறக்கப் போவதில்லை.)

சம்பந்தம் மிகப் பழையது. காயம்பட்ட இடம்தான் கிருமி நுழையும் இடமும். குதிரைலாட நண்டின் உடலில் ஒரே வகை ரத்த அணுதான் இரண்டு வேலையையும் பார்க்கிறது: பாக்டீரியாவின் நஞ்சு பட்டதும் அது வெடித்து, சுற்றியுள்ள ரத்தத்தை உறையவைத்துக் கிருமியைச் சிறைபிடிக்கும். நம் உடலில் வேலைகள் பிரிந்துவிட்டாலும் உறவு அறவில்லை. கிருமியைக் கண்ட வெள்ளை அணு தன் மேற்பரப்பிலேயே உறைதலைத் தொடங்கும் புரதத்தை நிறுத்துகிறது. வேறு சில வெள்ளை அணுக்கள் தங்கள் டி.என்.ஏ.வையே வெளியே வீசுகின்றன. அதைப் பற்றிக்கொண்டு ரத்தம் உறைகிறது. அளவோடு நடந்தால் இது பாதுகாப்பு. கட்டுமீறினால் கோவிட்டில் பார்த்ததுபோல நுரையீரலின் நுண்குழாய்களே அடைபடும். அப்போது பலர் எடுத்த டி-டைமர் பரிசோதனை, உறைந்த ரத்தம் கரையும்போது மிஞ்சும் துணுக்குகளைத்தான் அளக்கிறது.

சரி, இவை எல்லாம் உடலின் பக்கத்துக் கதை. வைரஸின் பக்கத்தில் இதைவிட வேடிக்கையான ஒன்று நடக்கிறது.

உறைதலுக்கு வேண்டிய புரதங்களில் 10-ஆம் காரணி என்று ஒன்று. கல்லீரலில் தயாராகி ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். சளிக் காய்ச்சல் தரும் அடினோ வைரஸ்களில் 5-ஆம் வகையை ரத்தத்தில் செலுத்தினால் அது நேரே கல்லீரலில் போய்க் குவிகிறது. ஏன் என்பது 2008-இல் தெளிவானது. அந்த வைரஸின் மேலுறையில் ஹெக்ஸான் என்ற புரதம் மும்மூன்றாகச் சேர்ந்து 240 கட்டிகளாக நிற்கிறது. ஒவ்வொரு கட்டியின் நடுப்பள்ளத்திலும் 10-ஆம் காரணி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதன் மறுமுனை கல்லீரல் செல்லைப் பிடிக்கிறது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரோடு ஒட்டிக்கொண்டு பந்திக்குப் போய்விடும் ஆளைப் போல வைரஸ் உள்ளே நுழைந்துவிடும். எலிகளுக்கு வார்ஃபரின் என்ற ரத்த உறைதலைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து இந்தக் காரணியை முடக்கினால் கல்லீரலுக்குள் போகும் வைரஸ் வெகுவாகக் குறைகிறது.

இது உடலுக்குச் செய்யும் துரோகமா? அப்படி ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. மேலே போர்த்திய 10-ஆம் காரணி, எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்) வைரஸைத் தொடாமல் மறைக்கிறது என்று எலிகளில் கண்டார்கள். அதே போர்வைதான், வைரஸ் செல்லுக்குள் நுழையும்போது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் அபாய மணியையும் அடிக்கிறது என்று இன்னொரு ஆய்வு காட்டியது. ஒரே புரதம் ஒளித்தும் வைக்கிறது, காட்டியும் கொடுக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வைரஸை மருந்து சுமக்கும் வண்டியாக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. ஹீமோபிலியா ஏ என்பது ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய். அந்த நோயாளிக்கு 8-ஆம் காரணி என்ற இன்னொரு உறைவுப் புரதத்துக்கான மரபணு பழுது. நல்ல மரபணுவை ஏ.ஏ.வி. என்ற வைரஸில் ஏற்றி ரத்தக்குழாய் வழியே கல்லீரலுக்கு அனுப்பும் சிகிச்சை 2022-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. ஆனால் அந்த வைரஸுக்கு ஏற்கெனவே எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு அது பலிக்காமல் போகலாம். ரத்தத்தில் இறங்கிய வைரஸ் முதலில் சந்திப்பது கல்லீரலை அல்ல, ரத்தத்தை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) இந்தச் சந்திப்பையே தவிர்த்துவிட்டார்கள். அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழு ஹீமோபிலியா ஏ நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களை, வெளியே எடுத்து, எச்.ஐ.வி. குடும்பத்து லென்டிவைரஸைத் தீங்கற்றதாக்கி, அதன் மூலம் 8-ஆம் காரணிக்கான மரபணுவை ஆய்வகத்திலேயே ஏற்றியது. பிறகு செல்களைத் திருப்பிச் செலுத்தினார்கள். வைரஸ் நேரடியாக ரத்தத்துக்குள் போகவில்லை. 10-ஆம் காரணிக்கோ எதிர்ப்பொருளுக்கோ அங்கே வேலையில்லை. 22 முதல் 41 வயது வரையான 5 பேருக்குச் செய்த இந்தச் சிகிச்சையின் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. அவர்களைக் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதங்கள். அதில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை.

எண்பதுகளில் உலகெங்கும் ஹீமோபிலியா நோயாளிகள் பலருக்கு, உறைவுக் காரணி மருந்தின் வழியாகவே எச்.ஐ.வி. தொற்றியது. அந்த வைரஸின் உறவுக்காரனையே இப்போது உறைவுக் காரணியைச் சுமக்க வைத்திருக்கிறார்கள்.

இந்த வழி இலவசமாக வரவில்லை. புதிய ஸ்டெம் செல்கள் குடியேற, எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பழைய செல்களை மருந்து கொடுத்துக் காலி செய்ய வேண்டும். அந்த நாட்களில் வெள்ளை அணுக்களும் பிளேட்லெட்டும் சேர்ந்து சரியும். அப்புறம், லென்டிவைரஸ் மரபணுவைக் குரோமோசோமிலேயே செருகிவிடுகிறது. செல் பிரியும்போதெல்லாம் மரபணுவும் கூடவே போவதால் பலன் நீடிக்கும். தவறான இடத்தில் செருகினால் புற்றுநோய்க்கும் வாய்ப்புண்டு. அதனால் இத்தகைய சிகிச்சை பெற்றவர்களை 15 ஆண்டுகள் வரை கண்காணிப்பது வழக்கம்.