குறை சொன்னவர் யார் என்பது குறைக்குப் பதிலாகாது

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் அந்நாட்டு வரலாற்றைக் கற்பிப்பது என் தொழில். பருவம் தவறாமல் வகுப்பில் தொடங்கி இணையத்தில் முற்றும் அதே சண்டை இந்த வாரமும் வந்துவிட்டதால், இனியும் பேசாமல் இருக்க முடியாது என்று இதை எழுதுகிறேன். ஐரோப்பாவிலிருந்து படிக்க வந்த மாணவர் ஒருவர், இவ்வளவு செல்வமுள்ள நாட்டில் மருத்துவக் காப்பீடு இல்லாமல் இத்தனை பேர் ஏன் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தார். ஒஹையோவில் பிறந்து வளர்ந்த மாணவர், “உலகப் போரில் உங்களைக் காப்பாற்றியதே நாங்கள்தான்” என்று பதில் எழுதினார். அதன் பிறகு இரவு முழுவதும் வந்து குவிந்த பதில்களில் போர் இருந்தது, வரி இருந்தது, பிறந்த நாட்டைப் பற்றிய வசை இருந்தது. காப்பீட்டைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்பீடு இல்லாதவர்கள் ஏறத்தாழ 2.6 கோடிப் பேர், அதாவது மக்கள்தொகையில் 8 விழுக்காட்டினர். இக்கணக்கை வெளியிட்டது அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம். 1944இல் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கி உயிர்விட்ட வீரர்களின் தியாகம் எந்நாளும் போற்றத் தக்கது. ஆனால் அது இந்தக் கணக்கில் ஓர் ஆளைக்கூடக் குறைப்பதில்லை.

வெளிநாட்டவருக்குக் குறை சொல்ல உரிமையில்லை, சொன்னால் அது வெறுப்பு, அதைப் பொருட்படுத்துவது நாட்டுக்கு இழுக்கு என்ற எண்ணத்தைப் போல அமெரிக்க வரலாற்றுக்கு மாறான எண்ணம் வேறில்லை. சோவியத் ஒன்றியம் தன் நாட்டில் கட்டாய உழைப்பு முகாம்களை நடத்திக்கொண்டே, அமெரிக்காவின் நிறவெறியைச் சுட்டிக்காட்டி உலகமெங்கும் பரப்புரை செய்தது. அதில் நல்லெண்ணம் துளியும் கிடையாது. ஆனால் கறுப்பினக் குழந்தைகள் தனிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டதும், கறுப்பினத்தவர் வெறிக் கும்பல்களால் தூக்கிலிட்டுக் கொல்லப்பட்டதும் உண்மை. சொல்பவனின் உள்நோக்கம் வேறு, சொல்லப்பட்டதன் மெய்ம்மை வேறு என்பதை அன்றைய அமெரிக்க அரசு உணர்ந்திருந்தது. பள்ளிகளில் நிறப்பாகுபாடு குறித்த பிரவுன் வழக்கில், 1952 டிசம்பரில் அரசின் நீதித்துறை உச்ச நீதிமன்றத்துக்கு அளித்த மனுவைப் படித்துப் பாருங்கள். இந்தப் பாகுபாடு அயலுறவில் அன்றாடம் தலைகுனிவை உண்டாக்குகிறது என்று வெளியுறவு அமைச்சர் டீன் அச்செசன் எழுதிய கடிதத்தை அரசே அதில் எடுத்துக்காட்டியது. 1954 மே 17 அன்று தனிப் பள்ளிகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அத்தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில் நீதிபதிகள் சுட்டிய நூல்களுள், அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலை குறித்து சுவீடன் நாட்டுப் பொருளியலாளர் குன்னர் மிர்தால் செய்த ஆய்வும் ஒன்று. அவரை அழைத்து அந்த ஆய்வைச் செய்யச் சொன்னது ஓர் அமெரிக்க அறக்கட்டளை. வெளியிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று கேட்டு வாங்கிய நாடு அது.

தீர்ப்போடு எல்லாம் மாறிவிடவில்லை. 1955இல் இந்தியத் தூதர் ஜி.எல். மேத்தாவை ஹூஸ்டன் விமான நிலைய உணவகத்தில் தனி அறைக்குப் போகச் சொன்னார்கள்; வெளியுறவு அமைச்சர் டல்லஸ் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. 1961இல் மேரிலாந்தின் 40ஆம் எண் நெடுஞ்சாலை உணவகங்களில் ஆப்பிரிக்கத் தூதர்களுக்கு உணவு மறுக்கப்பட்டபோது, கென்னடி அரசே தலையிட்டது. 1963இல் அம்மாநிலம் இத்தகைய பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. உள்நாட்டுக் கறுப்பின மக்களின் போராட்டமே இவற்றுக்கெல்லாம் முதற்காரணம். ஆயினும் வெளியார் பார்வை அரசின் மீது செலுத்திய அழுத்தத்தை எந்த வரலாற்றாசிரியரும் மறுக்க மாட்டார்.

பெருமிதம் புண்படும் இயல்பும் புதிதன்று. 1831இல் இந்நாட்டைச் சுற்றிப்பார்த்த பிரெஞ்சுக்காரர் தொக்வில், சிறு குறையைக்கூட அமெரிக்கர்கள் பொறுப்பதில்லை என்று அப்போதே பதிவு செய்தார். அதற்காக அந்தப் பெருமிதத்தை அறியாமை என்று ஏளனம் செய்பவர்களையும் நான் ஏற்கவில்லை. என் வகுப்பில் கொடியைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகம் இறுகும் மாணவர்களில் பலர், தந்தையோ தமக்கையோ படையில் இருக்கும் வீட்டிலிருந்து வருகிறார்கள். (சக ஆசிரியர்களுக்கு: முதல் வாரத்திலேயே இதைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.)

குறை சொல்லும் அயல்நாட்டு மாணவர்களே, எந்த மாநிலத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். மரண தண்டனையை டெக்சாஸ் நிறைவேற்றுகிறது, மிச்சிகன் 1846லேயே கொலைக் குற்றத்துக்கு அதை ஒழித்துவிட்டது. உங்கள் நாட்டின் சிறந்ததை இந்நாட்டின் மோசமானதோடு ஒப்பிடாதீர்கள். ‘இந்த அமெரிக்கர்களே இப்படித்தான்’ என்று தொடங்கும் வாக்கியத்தை அனுப்பவே அனுப்பாதீர்கள். நீங்கள் காட்டும் புள்ளிவிவரங்களில் பெரும்பாலானவை அமெரிக்க அரசு அலுவலகங்களும் அமெரிக்கச் செய்தியாளர்களும் திரட்டியவை. அதை ஒப்புக்கொண்டு பேசினால், எதிரில் இருப்பவரும் காது கொடுப்பார்.

அமெரிக்க மாணவர்களே, ‘பிடிக்காவிட்டால் ஏன் வந்தாய்’ என்று கேட்பதை நிறுத்துங்கள். கல்விக் கட்டணம் செலுத்தி வந்து, பாடத்தைப் படித்து, கேள்வி கேட்கிறார். அவருடைய கேள்விக்கு விடை சொல்லுங்கள். தரவு தவறென்றால் சரியான தரவைக் காட்டுங்கள்; சரியென்றால் சரி என்று எழுதுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து படிக்க வரவிருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தது. அதற்கு அஞ்சி, நினைப்பதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் நள்ளிரவுச் சினத்தில் யாரோ முகம் தெரியாதவரின் நாட்டை ஏசி எழுதியதைத் தூதரகத்தில் அமர்ந்திருப்பவர் படிக்கும்போது, அதற்கு முன்னால் நடந்த உரையாடல் அவர் கண்முன் இருக்காது. எழுதுவதென்றால் ஆதாரத்தோடு, முழு வாக்கியமாக, உங்கள் பெயர் போட்டு நிற்கக்கூடியதாக எழுதுங்கள்.